மேனியும் நமதாதல் வேண்டும்

எழுத்து, தான் அமர்கின்ற இடத்திற்கேற்பத் தன் மேனியை மாற்றிக்கொள்ளும் இயல்பினது. கல்லில் உளிகொண்டு வெட்டிய காலத்தே கோடும் மூலையுமாய் நின்ற தமிழெழுத்து, ஓலைக்கு வந்தபின் வளைந்தது. நேர்க்கோடு ஓலையின் நரம்போடு ஓடி அதனைக் கிழித்துவிடும் ஆகலின் வட்டமும் சுழியும் பெருகின என்பர் எழுத்தாய்வார். மெய்யெழுத்திற்குப் புள்ளி வேண்டும் என்று இலக்கணம் வகுத்தது தொல்காப்பியம். ஆயினும் எழுத்தாணியின் முனை ஏட்டைத் துளைத்துவிடும் என்றஞ்சிய ஏடெழுதினோர் புள்ளியைக் கைவிட்டனர். அதன் விளைவு என்ன? எகரமா ஏகாரமா, ஒகரமா ஓகாரமா, மெய்யா உயிர்மெய்யா என்று பின்வந்தோர் தடுமாறினர். எகர ஏகாரங்களையும் ஒகர ஓகாரங்களையும் வடிவாலேயே வேறுபடுத்திக் காட்ட 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் வழிகண்டார் என்பர். அச்சுக்கும் தட்டச்சுக்கும் எளிமை வேண்டி 1978இல் தமிழ்நாட்டரசு ணா, றா, னா, ணை, லை, ளை, னை ஆகியவற்றின் வடிவை மாற்றியது. எனவே, கல்லும் ஓலையும் அச்சும் எழுத்துக்கு வெறும் இருக்கைகளாய் இருந்தனவல்ல. அவை எழுத்தை ஆண்டன.

இன்று எழுத்து அமர்ந்திருக்கும் இடம் திரை. நம் பிள்ளைகள் நூலில் படிப்பதினும் மிகுதியாய்த் திரையிற் படிக்கின்றனர். அத்திரையில் தமிழ் எவ்வாறு தோன்றுகின்றது, அதன் தோற்றத்தை வகுப்பவர் யார், அதனை நாம் திருத்த இயலுமா என்னும் வினாக்களைத் தமிழ்ப் புலமையுடையோர் பெரும்பாலும் எழுப்புவதில்லை. 'அது கணினிக்காரர் வேலை' என்று ஒதுங்கிவிடுகின்றோம். ஏடெழுதுவோன் வேலை என்று புலவர் ஒதுங்கியதால்தான் புள்ளி போயிற்று என்பதை நினைவிற் கொள்வோமாக.

இத்திங்கள் நாம் எடுத்துக்கொண்டது விக்கி எனும் வகையைச் சேர்ந்த வலைத்தளங்களின் தோற்றம் பற்றியதாகும். படிப்பவரே எழுதவும் திருத்தவும் கூடிய வலைத்தளமே விக்கி. 1995ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் அமெரிக்க நாட்டு நிரலாளர் வார்டு கன்னிங்காம் என்பார் இதன் முதல் தளத்தை நிறுவினார். அவாயித் தீவினர் மொழியில் 'விக்கி' என்பது விரைவு எனப் பொருள்படும். ஒனலூலு வானூர்தி நிலையத்தில் ஓடிய சிறு பேருந்தின் பெயரிலிருந்து அவர் அச்சொல்லை எடுத்துக்கொண்டார். அவ்வழியில் வந்த விக்கிப்பீடியா 2001ஆம் ஆண்டு சனவரித் திங்களில் தொடங்கிற்று. அதனை இயக்குவதற்கென்றே ஆக்கப்பெற்ற மென்பொருள் மீடியாவிக்கி என்பது. அதன் மூலநிரல் திறந்தது. எவரும் கட்டணமின்றி எடுத்துத் தம் ஊர்க்கும் மன்றத்திற்கும் பள்ளிக்கும் ஒரு விக்கி அமைத்துக்கொள்ளலாம்.

இம்மென்பொருளில் ஓர் அருமையான பாகுபாடு உண்டு. நாம் எழுதும் கட்டுரை ஓரிடத்தில் வெறும் எழுத்தாகச் சேமிக்கப்பெறுகின்றது. அதனைச் சூழ நிற்கும் பெயர்ச்சின்னம், இடப்புறப் பட்டி, மேற்புறத் தாவல்கள், தேடுபெட்டி, அடிக்குறிப்பு, நிறம், எழுத்தளவு, வரிகளின் இடைவெளி ஆகிய அனைத்தும் வேறொரு தொகுதியால் வழங்கப்பெறுகின்றன. ஆங்கிலத்தார் அத்தொகுதியைத் 'தோல்' எனப் பொருள்படும் சொல்லால் அழைக்கின்றனர். நாம் அதனை மேனி என்போம். தோல் என்பது உரித்தெடுப்பதையும் நினைவூட்டும். மேனி என்பதோ உடலின் புறத்தோற்றம், நிறம், பொலிவு அனைத்தையும் ஒருங்கே உணர்த்தும் பழந்தமிழ்ச் சொல். உயிர் ஒன்றே, மேனி வேறு வேறு. கட்டுரையில் ஓரெழுத்தும் மாறாமல் மேனியை மாற்றலாம். ஒரே விக்கியில் ஒரு பயனர் ஒரு மேனியிலும் மற்றொருவர் வேறு மேனியிலும் அதே பக்கத்தைப் படிக்கலாம். வலைமுகவரியின் இறுதியில் 'யூசு சுகின்' எனும் குறிப்பொன்றையும் மேனியின் பெயரையும் சேர்த்தால், அப்பக்கத்தை அம்மேனியில் அப்போதைக்கு மட்டும் பார்த்துக்கொள்ளவும் கூடும்.

உள்ளடக்கத்தையும் ஒப்பனையையும் இவ்வாறு பிரித்து வைக்கும் எண்ணம் விக்கிக்கு முன்னரே பிறந்தது. 1994ஆம் ஆண்டு அகுதோபர்த் திங்களில் நார்வே நாட்டினரான ஓக்கோன் வியூம் லீ என்பார் இதனை முன்மொழிந்தார். 1996ஆம் ஆண்டு திசம்பரில் அது வலைப்பக்கங்களுக்கான பொது நெறியாயிற்று. சி.எசு.எசு. என வழங்கும் அதனை நாம் ஒப்பனைத்தாள் என்போம். 'தலைப்பு இந்நிறத்தில் நிற்க. வரிக்கும் வரிக்கும் இடையே இத்துணை இடம் விடுக' என்று எளிய கட்டளைகளால் ஆகியது அது. இலக்கண நூற்பாவைப் படித்தறிந்தார்க்கு அதன் நடை கடினமன்று. இன்னதற்கு இன்னது விதி, பொதுவிதியைச் சிறப்புவிதி தள்ளும் என்னும் முறையே அங்கும் ஆட்சி செய்கின்றது.

மீடியாவிக்கியின் மேனி எந்நாளும் ஒன்றாய் இருந்ததில்லை. தொடக்க ஆண்டுகளின் மேனிகளுக்குப் பின், 2004ஆம் ஆண்டு 'மோனோபுக்கு' வந்தது. மேற்புறத்தே மங்கலான நூற்படம் ஒன்று பின்புலமாய் அமைய, உலகம் விக்கிப்பீடியாவை அம்மேனியிலேயே கண்டு பழகிற்று. 2010இல் 'வெக்டார்' அவ்விடத்தைப் பெற்றது. பின் 2023ஆம் ஆண்டு சனவரி 18ஆம் நாள் ஆங்கில விக்கிப்பீடியா 'வெக்டார் 2022' எனும் புது மேனிக்கு மாறிற்று. அதற்கு முன்பே பிரெஞ்சு, பாசுக்கு முதலிய மொழி விக்கிகளில் அது செய்து பார்க்கப்பெற்றது. வரியின் நீளத்தைக் குறுக்கி, பக்கத்தின் இருபுறமும் வெற்றிடம் விட்டதைப் பயனர் பலர் கடிந்தனர், நெடுநாள் வழக்காடினர். அகலத்தை மீண்டும் விரித்துக்கொள்ளும் பொத்தானும், பழைய மேனிக்கே திரும்பும் உரிமையும் அவர்களுக்கு உண்டு. இதிலிருந்து நாம் அறிய வேண்டுவது ஒன்றே: மேனி என்பது வானிலிருந்து இறங்கியதன்று, மாந்தர் கூடிப் பேசி வகுத்தது, பேசுவார் மொழியின் தேவையே அதில் இடம்பெறும், பேசாதார் மொழி, பிறர்க்குத் தைத்த சட்டையை அணிந்துகொண்டு நிற்கும்.

இனி, நம் பட்டறிவு ஒன்றைச் சொல்லுதல் வேண்டும். நம் ஊர்த் தமிழ்மன்றத்தார் சில ஆண்டுகட்கு முன்னர்க் கைத்தொழிற் சொற்களைத் திரட்டினோம். பாவு, ஊடை, அச்சு, விழுது, படைமரம், தறிக்குழி என நெசவுச் சொற்களும், சால், வடம், தும்பி, வால்கயிறு எனக் கவலை இறைப்பின் சொற்களுமாய்ச் சேர்ந்தவற்றை அச்சிடப் பணமில்லை. விக்கி ஒன்று அமைத்தால் ஊராரே சேர்த்துக்கொள்வர் என்று இளைஞர் கூறினர். நகரத்து வலைத்தள வடிவமைப்பாளர் ஒருவரிடம் பொறுப்பு ஒப்படைக்கப்பெற்றது. அவர் அமைத்துக் கொடுத்த நாளில் நாம் மகிழ்ந்தோம். சொற்களைத் தந்தவருள் ஒருவரான முதிய நெசவாட்டி ஒருத்தியாரை மன்றத்திற்கு அழைத்துவந்து, 'அம்மா, உங்கள் சொற்களைப் பாருங்கள்' என்று திரையைக் காட்டினோம். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவர் அவர். இடப்புறப் பட்டி முழுதும் ஆங்கிலம், மேற்புறம் ஆங்கிலம், அடிக்குறிப்பும் ஆங்கிலம். நெடுநேரம் பார்த்தபின் அவர் கேட்டார்: "என்னங்கய்யா, இது வெள்ளைக்காரன் வீட்டு வாசலாட்டம் இருக்குதே! எங்க சொல்லு எந்த அறையில இருக்குதுங்க?"

அவ்வினா நம்மைச் சுட்டது. முப்பது ஆண்டுகளாய்த் தமிழ் கற்பிக்கின்றோம். கடைப்பலகையில் ஆங்கிலம் கண்டால் கடிகின்றோம். நம் மன்றத்தின் வாயிலிலேயே ஆங்கிலப் பலகை தொங்கியதை ஓராண்டு நாம் காணவில்லை. உள்ளே தமிழ் இருக்கின்றதே என்று நிறைவுற்றிருந்தோம். அவ்வோராண்டில் ஊராருள் ஒருவரும் அதில் ஒரு சொல்லும் சேர்க்கவில்லை. தமிழர்க்கு ஆர்வமில்லை என்று அவர்களைக் குறை கூறிக்கொண்டும் இருந்தோம். குறை வாயிலில் இருந்தது. நாம் வழிப்போக்கரை வைதோம்.

அதன்பின்னரே கூர்ந்து நோக்கலானோம். நான்கு குற்றங்கள் தென்பட்டன.

முதலாவது, வரியிடை. ஆங்கில எழுத்துக்கு அளந்த வரியுயரத்தில் தமிழ் அமர்த்தப்பட்டிருந்தது. தமிழெழுத்தோ மேலே இகர ஈகார வளைவும் புள்ளியும், கீழே உகர ஊகாரச் சுழிகளும் உடையது. மேல்வரியின் 'கூ'வும் கீழ்வரியின் 'கீ'யும் ஒன்றோடொன்று முட்டின. தலைப்புகளிலோ மேல்வளைவு வெட்டுண்டே நின்றது. பள்ளிப் பிள்ளையொருவன் 'கீரை' என்பதைக் 'கரை' என்று படித்தான், பிழை அவனதன்று.

இரண்டாவது, சாய்வு. ஆங்கிலத்தில் நூற்பெயரையும் அயற்சொல்லையும் சாய்த்தெழுதுவர். அஃது அவர் மரபு. தமிழுக்கு அம்மரபு இல்லை. பெரும்பாலான தமிழ் எழுத்துருக்களில் சாய்வடிவம் தனியே வரையப்படுவதுமில்லை. உலாவி தானே எழுத்தைப் பிடித்துச் சாய்த்துவிடுகின்றது. காற்றில் சாய்ந்த வேலிபோல் அது தோன்றும். தடிப்பிலும் இதே தொல்லை. மிகத் தடித்த எழுத்தில் புள்ளி பருத்து, உகரச் சுழியின் உள்வெளி அடைபட்டுப் போகின்றது.

மூன்றாவது, அகலம். தமிழ், ஒட்டுநிலை மொழி. வேற்றுமையும் இடைச்சொல்லும் துணைவினையும் ஒரே சொல்லில் சேர்ந்து நீளும். ஆங்கிலச் சிறுசொற்களுக்கு வகுத்த ஒடுங்கிய இடப்பட்டியில் நம் சொற்கள் புகாமல் பக்கத்தின்மேல் வழிந்தன. அட்டவணைக் கட்டங்கள் ஒருபுறம் உப்பி மறுபுறம் நசுங்கின.

நான்காவது, இடைமுகச் சொற்கள். 'தொகு', 'சேமி', 'தேடு' என நிற்க வேண்டிய இடங்களில் எல்லாம் ஆங்கிலம். இதற்கு மென்பொருளைக் குற்றஞ்சொல்ல இயலாது. மீடியாவிக்கியில் தமிழ் இடைமுகம் முன்பே உண்டு. அமைப்புக் கோப்பில் தள மொழியைத் தமிழ் என்று ஒரு வரியில் குறித்தாற் போதும். அவ்வொரு வரியை எவரும் எழுதவில்லை. கேட்க வேண்டிய நாமும் கேட்கவில்லை.

இவற்றைத் திருத்தியவர் யார்? நெசவாட்டியாரின் பேர்த்தி, அப்போது பதினோராம் வகுப்பு மாணவி. 'ஐயா, கட்டளைகளைப் படித்துப் பார்த்தேன். நானே செய்து பார்க்கட்டுமா?' என்று கேட்டாள். முதலில் தன் பயனர் பக்கத்தின்கீழ்த் தனக்கென ஓர் ஒப்பனைத்தாள் தொடங்கினாள். அதில் எழுதுவன அவள் கண்ணுக்கு மட்டுமே தெரியும்; தவறினாலும் பிறர்க்குக் கேடில்லை. வரியுயரத்தை ஒன்றே முக்கால் மடங்காக்கினாள், தமிழெழுத்தின் சாய்வை நீக்கி அதற்கு ஈடாகச் சிறிது நிறவேறுபாடு தந்தாள், இடப்பட்டியை அகற்றினாள். பத்து நாள் படித்துப் பார்த்து, மன்றத்தார் ஒப்பியபின், 'மீடியாவிக்கி' பெயர்வெளியில் உள்ள 'காமன்' எனும் பொது ஒப்பனைத்தாளில் அவற்றை இட்டாள். அன்றே தளம் முழுதும் மூச்சு விட்டது. குறிப்பிட்ட ஒரு மேனிக்கு மட்டும் உரிய கட்டளைகளை அம்மேனியின் பெயர் தாங்கிய தாளில் எழுதலாம் என்பதையும், இடப்பட்டியின் இணைப்புகளை அதற்குரிய பக்கத்திலேயே மாற்றலாம் என்பதையும் அவளே கண்டறிந்தாள். புகுபதிகைப் பக்கமும் விருப்பத்தேர்வுப் பக்கமும் மட்டும் பழைய தோற்றத்திலேயே நின்றன. அது குறையன்று, காவல். பொதுத்தாளில் எவரேனும் தவறு செய்து தளமே மறைந்தாலும் உள்ளே நுழைந்து திருத்த ஒரு வாயில் வேண்டும் என்றே அப்பக்கங்களை மென்பொருள் விலக்கி வைத்திருக்கின்றது.

இவ்விடத்தில் நம் பிழையையும் மறையாது கூறுதல் கடன். இடைமுகத்திற்குச் சொல் தரும் பொறுப்பை நாம் ஏற்றோம். அண்மையில் நிகழ்ந்த திருத்தங்களைக் காட்டும் இணைப்பிற்கு 'அண்மைக்காலத் திருத்த நிகழ்ச்சிகளின் நிரல்' என்று பெயரிட்டோம். இலக்கணப்படி அதிற் குற்றமில்லை. ஆனால் பட்டியில் அது மூன்று வரியாய் மடங்கி நின்றது. மாணவி சொன்னாள்: "ஐயா, தமிழ் விக்கிப்பீடியாவில் 'அண்மைய மாற்றங்கள்' என்று போட்டிருக்கிறார்கள், நமக்கும் அதுவே போதும் ஐயா." இரண்டே சொல், தூய தமிழ், எவர்க்கும் விளங்கும். நம் புலமை நாணிற்று. தூய்மை என்பது நீளமன்று. பொத்தானிற் பொறிக்கும் சொல் நூற்பாவினும் சுருங்கியதாதல் வேண்டும். ஒருமுறை பார்த்த அளவில் கைவிரல் அதனை நாடுதல் வேண்டும். முன்னரே மக்களிடம் வேரூன்றிய நல்ல தமிழ்ச்சொல் இருக்க, ஒவ்வொரு மன்றமும் தனித்தனிச் சொல் படைத்துத் தருக்கி நிற்றல் தமிழ்ப்பணியாகாது.

தொல்லை அத்துடன் தீர்ந்ததா? இல்லை. முன்னைய வடிவமைப்பாளர், மன்றத்தின் சின்னத்தையும் நிறத்தையும் பொருத்துதற்கு மேனியின் மூலக் கோப்புகளிலேயே கைவைத்திருந்தார். ஈராண்டுக்குப் பின் பாதுகாப்புக் கருதி மென்பொருளைப் புதுப் பதிப்பிற்கு மாற்றினோம். புதிய கோப்புகள் பழையவற்றின் மேல் அமர்ந்தன. அவர் செய்த அனைத்தும் அழிந்தன. மாணவி ஒப்பனைத்தாளில் எழுதியவையோ ஒரு வரியும் குறையாமல் நின்றன. அவை கட்டுரைகளைப் போலவே தரவுத்தளத்தில் சேமிக்கப்பெறுவன. ஒவ்வொரு மாற்றத்திற்கும் வரலாறு உண்டு. தவறினால் முன்னிலைக்கு மீட்கலாம். எனவே விக்கி நடத்துவார் ஒன்றை உறுதியாய்க் கொள்க: மென்பொருளோடு வந்த மேனிக் கோப்பைத் தொடற்க. சின்னத்தையும் இயல்பு மேனியையும் 'இலோக்கல்செட்டிங்சு' எனும் அமைப்புக் கோப்பிற் குறிக்க. நிறமும் அளவும் பொது ஒப்பனைத்தாளில் எழுதுக. கட்டமைப்பையே மாற்ற விரும்பின் தனிப்பெயரோடு புது மேனி ஒன்றைத் தனி அடைவில் ஆக்குக. 2020இல் வந்த 1.35ஆம் பதிப்பு முதல் வார்ப்புக் கோப்புகளைக் கொண்டு மேனி ஆக்கும் வழி எளிதாகியுள்ளது. அடுத்தவன் சுவரில் வரைந்த ஓவியம் அவன் வெள்ளையடிக்கும் நாளில் மறையும். நம் சுவரில் வரைந்ததே நிற்கும்.

தோற்றத்தில் இத்துணைக் கருத்து எற்றுக்கு என்று வினவுவாருளர். பிறமொழியார் செய்ததைப் பாருங்கள். எபிரேயமும் அரபும் வலமிருந்து இடமாக ஓடுவன. அம்மொழி விக்கிகளில் எழுத்து மட்டுமா திரும்புகின்றது? பட்டி வலப்புறம் செல்கின்றது. தாவல்களும் அம்புக்குறிகளும் இடவலம் மாறுகின்றன. ஒப்பனைத்தாளைத் தானே திருப்பித் தரும் நிரலே ஆக்கப்பெற்றுள்ளது. செருமானியர், தடித்த எழுத்துக்குரிய தொகுப்புப் பொத்தானில் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்தை ஏற்றுக்கொள்ளவில்லை. தம் சொல்லாகிய 'ஃபெட்டு' என்பதன் முதலெழுத்தையே காண்கின்றனர். மீடியாவிக்கியின் பொது ஒப்பனைத்தாளிலும், தமிழ், தெலுங்கு, மலையாளம், வங்காளம் உள்ளிட்ட மொழிகளின் முதன்மைத் தலைப்புக்கு வரியுயரம் 1.6 மடங்காக என்னும் விதி பின்னர்ச் சேர்க்கப்பெற்றது. ஆங்கிலத்திற்கு அளந்த அளவு நம் எழுத்துகளுக்குப் போதாது என்பது மென்பொருளாராலேயே ஒப்பப்பட்டதற்கு இவ்விதியே சான்று.

கேளாதவிடத்து என்ன நேரும் என்பதற்கும் சான்றுண்டு. விக்கிப்பீடியாவின் சின்னம், பல மொழி எழுத்துகள் பொறித்த துண்டுகளாலாகிய உருண்டை என்பதை அறிவீர்கள். 2003இல் ஆக்கிய அச்சின்னத்தில் தேவநாகரித் துண்டில், 'வி' என்பதற்குரிய இகரக்குறி எழுத்துக்கு முன்னே நிற்பதை விடுத்துப் பின்னே சென்று பிழைபட நின்றது. சப்பானிய எழுத்திலும் பிழையிருந்தது. உலகெங்கும் கோடிக்கணக்கானோர் நாள்தோறும் கண்ட சின்னம் அது. 2007இல் அமெரிக்க நாளிதழொன்று எடுத்துக்காட்டிய பின்னும் மூன்றாண்டு சென்று, 2010இற் சின்னத்தைப் புதுக்கியபோதுதான் அப்பிழை நீங்கிற்று. புதிய உருண்டையில் தமிழ் 'வி'யும் இடம்பெற்றுள்ளது. கட்டுரையில் ஒரு பிழை நேர்ந்தால் அடுத்த நொடியில் எவரும் திருத்தும் அத்தளத்தில், மேனியில் நேர்ந்த பிழை ஏழாண்டு வாழ்ந்தது. உள்ளடக்கத்தைக் காப்பார் பலர். மேனியைக் காப்பார் சிலர் என்பதே அதன் கரணியம்.

தமிழ் விக்கிப்பீடியா 2003ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் தொடங்கப்பெற்றது. யாழ்ப்பாணத்தவரான கட்டடக் கலைஞர் இ. மயூரநாதன் அவ்வாண்டின் இறுதியில் வந்து முதலில் செய்த பணி என்னவென்று எண்ணுகின்றீர்கள்? கட்டுரை வரைதலன்று, இடைமுகத்தைத் தமிழாக்குதல்! கட்டடம் அறிந்தவர் வாயிலின் அருமை அறிந்திருந்தார். வாயில் தமிழாயிற்று, ஆட்கள் வந்தனர், இன்று அங்கே ஒன்றரை இலக்கத்திற்கு மேற்பட்ட கட்டுரைகள் உள்ளன. 'பயனர்', 'பேச்சு', 'பகுப்பு', 'வார்ப்புரு', 'படிமம்', 'உதவி' எனும் பெயர்வெளிச் சொற்களெல்லாம் நாள்தோறும் பல்லாயிரவர் கண்ணிற் படும் கலைச்சொற்களாகிவிட்டன. எந்த அகரமுதலியும் இத்துணை விரைவில் ஒரு சொல்லை வழக்கிற்குக் கொணர்ந்ததில்லை. பின்லாந்தினரான நிக்லாசு இலாக்சுத்திரோம் என்பார் தொடங்கிய 'திரான்சுலேட்விக்கி' எனும் தளத்தில் மீடியாவிக்கியின் இடைமுகத் தொடர்களை எவரும் தமிழாக்கலாம். அங்கே இடும் ஒரு நல்ல சொல், தமிழ் இடைமுகம் உடைய எல்லா விக்கிகளுக்கும் சென்று சேரும். மென்பொருளில் புதிய தொடர்கள் வந்துகொண்டேயிருக்கும் ஆகலின் இப்பணி ஒருநாளில் முடிவதன்று. தொடர்ந்து ஆள் வேண்டும். தமிழ் கற்றோர் அங்கே செல்லாவிடின், பொருந்தாச் சொற்களும் ஒலிபெயர்த்த ஆங்கிலமும் அவ்விடங்களில் அமரும். அமர்ந்தபின் எழுப்புவது அரிது.

ஆயினும் ஓர் எச்சரிக்கையும் வேண்டும். மேனி நமதாதல் வேண்டும் என்பதனால், மேனியே எல்லாம் என்பது பொருளன்று. தோற்றத்தை மாற்றும் உரிமை கிடைத்தவுடன், தமிழ் பற்றுடைய இளைஞர் சிலர், பின்புலத்தில் புலியும் வில்லும் மீனும் வரைந்து, எழுத்துகளைச் செந்நிறத்தில் ஒளிரவிட்டு, தலைப்பை நகரச் செய்து, படிப்பார் கண்ணைப் பறித்துவிடுகின்றனர். பற்று பாராட்டத்தக்கது, படிக்க முடியாத பற்று யார்க்குப் பயன்? வெண்மைமேற் கருமையாய், உரிய இடைவெளியோடு, தெளிந்த எழுத்துருவில் நிற்கும் ஒரு பக்கமே தமிழுக்குச் செய்யும் பெருஞ்சிறப்பு. கண்பார்வை குறைந்தோர் எழுத்தைப் பெரிதாக்கினால் பக்கம் குலையாதிருத்தல் வேண்டும். கைப்பேசியின் சிறுதிரையிலும் ஒருமுறை திறந்து பார்த்தல் வேண்டும். ஏனெனில் சிற்றூரில் நம்மவர் கையிலிருப்பது கைப்பேசியே. கணினித் திரையில் அழகு பார்த்து மகிழ்ந்து, ஊரார் கையில் அது எவ்வாறு தோன்றுகின்றது என்று பாராமல் விடுதல் மீண்டும் பழைய பிழையே.

பொதுத்தாளைத் திருத்தும் உரிமையையும் கண்டவரிடம் தருதல் ஆகாது. ஒரு வரிப் பிழை தளத்தையே குலைக்கும். தீயோர் கையில் அகப்பட்டால் படிப்பார் கணினிக்கும் கேடு வரும். அதனாலன்றோ 2018 முதல் விக்கிப்பீடியாக்களில் தளம் முழுமைக்குமான ஒப்பனைத்தாளையும் நிரலையும் திருத்த இடைமுக மேலாளர் எனும் தனிப்பொறுப்பு வகுக்கப்பெற்றது. சிறு மன்றங்களும் இம்முறையைப் பின்பற்றுக: தன் ஒப்பனைத்தாளில் எவரும் செய்து பார்க்கட்டும்; பொதுத்தாளில் பொறுப்புடைய இருவர் மட்டுமே எழுதட்டும்.

தமிழாசிரியப் பெருமக்களே! உங்கள் பள்ளியிலோ மன்றத்திலோ வலைத்தளம் இருக்குமாயின், இன்று மாலையே திறந்து பாருங்கள். வாயிலில் எம்மொழி நிற்கின்றது என்று நோக்குங்கள். 'கீ'யின் வளைவு முழுதாய்த் தெரிகின்றதா, 'கூ'வின் சுழி அடுத்த வரியை முட்டுகின்றதா என்று பாருங்கள். குறையிருப்பின், செய்தவரிடம் சினவாது எடுத்துரையுங்கள். செய்யாராயின் உங்கள் மாணாக்கருள் ஒருவர் செய்வார். அவர்க்கு இலக்கணத்தை நீங்கள் சொல்லுங்கள். கட்டளையை அவர் எழுதட்டும். எழுத்தின் இயல்பறிந்தவரும் பொறியின் இயல்பறிந்தவரும் ஒரு பலகையில் அருகருகே அமர்ந்தாலன்றி இப்பணி நடவாது.

நெசவாட்டியாரை மீண்டும் மன்றத்திற்கு அழைத்தோம். திரையில் 'முதற் பக்கம்', 'அண்மைய மாற்றங்கள்', 'உதவி' என்று நின்றவற்றை ஒவ்வொன்றாய் வாய்விட்டுப் படித்தார். 'விழுது' என்னும் பக்கத்தைப் பேர்த்தி திறந்தாள். படித்துவிட்டு, "இது தப்புங்க; விழுது கட்டுறது இப்படி இல்லீங்க" என்றார். அன்றே அப்பக்கம் திருத்தப்பெற்றது. ஓராண்டு பூட்டிக் கிடந்த வீட்டிற்குள் முதல் ஆள் நுழைந்தார். நாம் வேண்டியது அதுவே.

ஓலை போற்றாத புள்ளியை ஒரு காலத்தே இழந்தோம். திரை போற்றாத சுழியை மீண்டும் இழவாதிருப்போம். உயிர் தமிழாயிற்று, மேனியும் தமிழாகுக!